காகிதப் படை ரெடி!

தாயம் ஆட உட்கார்ந்தால் காய் வாங்க யாராவது கடைக்கு ஓடுவாங்களா? ஒருத்தருக்குப் புளியங்கொட்டை, இன்னொருத்தருக்கு உடைஞ்ச வளையல் துண்டு, மூணாவது ஆளுக்குக் கூழாங்கல். அவ்வளவுதான், ஆட்டம் களைகட்டிடும். பழம் ஆகிற நேரத்துல வெட்டுப்பட்ட புளியங்கொட்டைக்காகக் கண்ணைக் கசக்கிய கதை நம்மில் பல பேருக்கு உண்டு!

அதே நாம, காலேஜுக்கு வந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மாதிரி டேபிள்டாப் கேம் ஆடலாம்னு இறங்கினா, முதல்ல பயமுறுத்துறது மினியேச்சர் விலைதான். சுமார் 28 மில்லிமீட்டர் உயரத்தில் வாள் வீரன், மந்திரவாதி, பூதம் என்று உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் வரும் குட்டிக் குட்டி உருவங்கள். வாங்கணும், ஒட்டணும், பொறுமையா பெயின்ட் அடிக்கணும். குகை நிறைய எலும்புக்கூடுகள் வேணும்னா மாசப் பாக்கெட் மணி மொத்தமும் காலி! ‘இது காசுள்ளவன் ஆட்டம்டா’ன்னு ஆசையை மூட்டை கட்டி வைக்கிறவங்க இங்கேதான் கழன்றுக்கிறாங்க.

கழன்றுக்காதீங்க பாஸ்! கலர் பிரின்ட் எடுத்த ஒரு ஏ4 அட்டை, ஒரு கத்திரிக்கோல், கொஞ்சம் பசை... உங்க படை ரெடி. இதுதான் பேப்பர் மினியேச்சர்.

காசில்லாதவர் கையில் பிறந்த ஆட்டம்

இது ஏதோ ஏழைக்கேத்த எள்ளுருண்டைன்னு நினைச்சுடாதீங்க. அந்த ஆட்டம் பிறந்த கதையே அப்படித்தான். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருந்த கேரி கைகாக்ஸ், இன்ஷூரன்ஸ் வேலை பறிபோய், ஷூ ரிப்பேர் செய்து குடும்பத்தை ஓட்டியவர். அவரும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-ல் வெளியானபோது முதலில் அச்சான பெட்டிகள் வெறும் 1,000. காகிதம், பென்சில், மினியேச்சர் வைத்து ஆடலாம் என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். வரிசையைப் பார்த்தீங்களா? காகிதம்தான் ஃபர்ஸ்ட்!

இன்னொரு சுவாரஸ்யம். இரும்பைத் துருப்பிடிக்க வைத்துத் தின்னும் ‘ரஸ்ட் மான்ஸ்டர்’, ஆந்தைத் தலையும் கரடி உடம்பும் கொண்ட ‘அவுல்பேர்’... இன்று உலகம் முழுக்கப் பிரபலமான இந்தப் பூதங்களுக்கு முன்மாதிரி எது தெரியுமா? ஹாங்காங்கில் தயாராகி வந்த மலிவு விலை பிளாஸ்டிக் பொம்மைகள்! கையில் கிடைத்ததை மேஜையில் வைத்து, அதுக்கு ஒரு கதையைக் கட்டிவிட்டார் கைகாக்ஸ்.

காகித வீரர்களும் புதுசு இல்லை. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் 18, 19-ம் நூற்றாண்டுகளிலேயே காகிதச் சிப்பாய்களைத் தாளில் அச்சடித்து விற்றிருக்கிறார்கள். 1980-களில் ‘ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ்’ நிறுவனம், டெனிஸ் லூபே வரைந்த ஓவியங்களுடன் ‘கார்ட்போர்டு ஹீரோஸ்’ என்ற அட்டை வீரர்களைக் கொண்டு வந்தது. இப்போது நம்ம வேலை இன்னும் சுலபம். பி.டி.எஃப். ஃபைலை வாங்கி, பிரின்ட் எடுத்தால் முடிந்தது.

செய்வது எப்படி?

* கனம்: சாதாரணத் தாள் துவண்டு விழும். 200 ஜி.எஸ்.எம். அட்டை சரியா இருக்கும். உங்க மெஷின் அதை இழுக்குமான்னு ஜெராக்ஸ் கடை அண்ணன்கிட்ட முதல்லயே கேட்டுக்குங்க.

* அளவு: பிரின்ட் கொடுக்கும்போது 100 சதவிகிதம் என்று சொல்லுங்க. அமெரிக்க ‘லெட்டர்’ தாளின் அகலம் 216 மி.மீ., நம்ம ஏ4 அகலம் 210 மி.மீ. ‘ஃபிட் டு பேஜ்’ தட்டினா வீரர்கள் கொஞ்சம் இளைச்சுடுவாங்க!

* மடிப்பு: மடிக்கிற கோட்டின் மேல் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரு இழு இழுங்க. அப்புறம் மடிச்சா நேரா மடியும்.

* பசை: தண்ணிப் பசை அட்டையைச் சுருக்கிடும். குச்சிப் பசை பெட்டர். முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டிக் காய்ந்த பிறகு வெட்டுங்க.

* ஓரம்: வெட்டின வெள்ளை விளிம்பில் கறுப்பு மார்க்கரை ஓட்டுங்க. இந்த ஒரு வேலைதான் ‘அட்டைத் துண்டு’ என்பதை ‘வீரன்’ ஆக்கும்.

* அடி: நம்ம ஊரில் காகிதப் படைக்கு டிராகனைவிடப் பெரிய எதிரி, சீலிங் ஃபேன்! ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 25 மி.மீ. வாஷரை அடியில் ஒட்டிட்டா ஆள் அசையமாட்டார். இந்த ஆட்டத்தின் கட்டம் ஒரு இஞ்ச்தான் என்பதால் அளவும் கச்சிதம்.

இதில் இன்னொரு வசதி. பத்துப் பூதமும் ஒரே மாதிரி இருந்தால், அடியில் 1, 2, 3 என்று நம்பர் போட்டுடலாம். எதுக்கு எத்தனை அடி விழுந்ததுன்னு சண்டையே வராது. மொத்தப் படையும் ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள்ள அடங்கிடும். கிழிஞ்சா? இன்னொரு பிரின்ட்!

ஒரே ஒரு கண்டிஷன்

நெட்டில் கண்ணில் படுற படத்தையெல்லாம் சுட்டுடாதீங்க. பேப்பர் மினியேச்சர் வரைகிற ஓவியர்கள் பலர், சில படங்களை இலவசமாகவே தர்றாங்க. மீதியை மலிவு விலைக்கோ மாதச் சந்தாவுக்கோ கொடுக்கிறாங்க. கூட்டாளிகள் நாலு பேர் ஒரு டீக்காசைச் சேர்த்து ஒரு செட் வாங்கி, ஒரே மேஜையில் ஆடலாமே? நம்ம கை வறண்டிருக்குன்னு வரைகிறவர் கையையும் வறள விடலாமா! வரையத் தெரிந்த ஆள் உங்க கேங்கில் இருந்தால் இன்னும் ஜாலி. உங்க ஹீரோவுக்கு உங்க முகத்தையே வரைஞ்சுக்கலாம்.

அழகா பெயின்ட் அடிச்ச உலோக மினியேச்சருக்குத் தனி கெத்து உண்டு, மறுக்கலை. சில கம்பெனிகள் நடத்தும் போட்டிகளில் பேப்பரை ஏத்துக்கவும் மாட்டாங்க. ஆனா, மேஜையில் இருக்கிற உருவம் ‘நீ இங்கே நிக்கிற, பூதம் அங்கே நிக்குது’ன்னு மட்டும்தான் சொல்லுது. நீங்க தப்பிப்பீங்களா மாட்டீங்களா என்பதை முடிவு பண்றது 20 பக்கப் பகடை. பகடை உருளும்போது உங்க வீரன் உலோகமா, அட்டையா என்று யாரும் பார்க்கப்போறதில்லை. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நம்பரைத்தான் பார்ப்பாங்க.

வெட்டுப்பட்ட புளியங்கொட்டைக்கே கண் கலங்கினவங்க நாம. நாமளே கத்தரிச்சு, ஒட்டி, பேர் வெச்ச ஒரு வீரன் டிராகன் முன்னாடி தனியா நிக்கும்போது மனசு அடிச்சுக்காதா என்ன?

கத்திரிக்கோல் எங்கே இருக்கு, தேடுங்க!