முழங்கால் தேய்வுக்கு அல்ட்ராசவுண்ட்: பணம் கட்டுமுன் யோசியுங்கள்

ஸுஜூதுக்குச் செல்ல முடியாமல் கதிரையில் அமர்ந்து தொழுவோரை இன்று எல்லா ஊர்ப் பள்ளிவாசல்களிலும் காணலாம். வீடுகளில் நம் உம்மாமார் பலரின் நிலையும் இதுவே. பெரும்பாலும் காரணம் முழங்கால் மூட்டுத் தேய்வு. வலி தாங்காமல் தனியார் நிலையங்களுக்குச் சென்று, பத்து நாள், பதினைந்து நாள் என அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக்குப் பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

கர்ப்பிணிகளுக்குச் செய்யும் ஸ்கேனைப் போலவே இதுவும் ஒலி அலைதான். ஆனால் இது படம் எடுப்பதற்கானதல்ல. முழங்காலில் ஜெல் தடவி, கருவியின் தலைப்பகுதியைச் சில நிமிடங்கள் வட்டமாக நகர்த்துவார்கள். பொதுவாக 1 அல்லது 3 மெகாஹேர்ட்ஸ் அலைகள் உள்ளே சென்று தசையையும் தசைநார்களையும் இலேசாகச் சூடாக்கும். விட்டுவிட்டு அலையை அனுப்பும் முறையில் சூடு மிகக் குறைவு.

இதனால் வலி ஓரளவு குறையலாம். 2010ஆம் ஆண்டின் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 341 முழங்கால் நோயாளர்களைக் கொண்ட ஐந்து சிறிய ஆய்வுகளைப் பரிசீலித்தது. பயன் இருக்கக்கூடும், ஆனால் எவ்வளவு என்று உறுதியாகக் கூற முடியாது என்பதே அதன் முடிவு. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனமோ, போதிய ஆதாரமில்லை என்பதால் மூட்டுத் தேய்வுக்கு இச்சிகிச்சையை வழங்க வேண்டாம் என்று 2022இல் வழிகாட்டியது. தேய்ந்த குருத்தெலும்பு இதனால் மீண்டும் வளரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதே வழிகாட்டல் எல்லா நோயாளருக்கும் முதலில் பரிந்துரைப்பது உடற்பயிற்சியை. உடல் பருமன் உள்ளவர்களுக்கு எடைக் குறைப்பையும் சேர்த்துச் சொல்கிறது. ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. தொடையின் முன்பக்கத் தசை பலமானால் மூட்டுக்குத் தாங்குதல் கிடைக்கும். கதிரையில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து வினாடிகள் பிடித்து, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை செய்யலாம். ஆரம்பத்தில் சிறிது வலிப்பது வழமை. வலி கடுமையானால் நிறுத்திவிட்டு ஆலோசனை பெறுங்கள்.

அல்ட்ராசவுண்ட் செய்வதாயின் சில விடயங்களை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நீரிழிவினால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு கூடினாலும் தெரியாது. காலில் இரத்தக்கட்டி, புற்றுநோய், உடலில் பொருத்தப்பட்ட இதயக் கருவி, செயற்கை மூட்டு என்பன இருந்தாலும் மறைக்கக் கூடாது. முழங்கால் திடீரென வீங்கி, சிவந்து, காய்ச்சலும் வந்தால் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

அரசாங்க வைத்தியசாலைகளின் இயன்மருத்துவப் பிரிவுகளில் பயிற்சிகளை இலவசமாகக் கற்றுக்கொள்ளலாம். தனியார் நிலையத்துக்குச் சென்றாலும், "வீட்டில் செய்ய என்ன பயிற்சி தருவீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். உம்மாவை ஓட்டோவில் ஏற்றிச் சிகிச்சைக்குக் கொண்டுபோகும் பிள்ளைகள், தினமும் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து அந்தப் பயிற்சியைச் செய்விக்கவும் வேண்டும்.