பால் ஜாயின்ட்... எந்த வகை நீடித்து உழைக்கும்?

பழைய காரையோ வேனையோ வாங்கி, காய்கறி மூட்டை, உர மூட்டை ஏற்றும் விவசாயிகள் மீஞ்சூர் பக்கம் இன்ஜினைப் பார்ப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள். முன்சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் பால் ஜாயின்டை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அது கழன்றால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும். வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் வேகமாகப் போகும்போது அப்படி நடந்தால், ஸ்டீயரிங் கையில் இருந்தும் பயனில்லை.

நம் இடுப்பு மூட்டு மாதிரிதான் இதுவும். கிண்ணத்துக்குள் ஓர் எஃகுக் குண்டு உருளும். பழைய வகையில் இரும்போடு இரும்பு உரசும்; கிரீஸ் அடிக்க நிப்பிள் இருக்கும். புதிய கிரீஸ் உள்ளே போகும்போது, பழைய அழுக்கும் ஈரமும் வெளியே தள்ளப்படும். ஒழுங்காக கிரீஸ் அடிப்பவர்களுக்கு இதுவே நீடித்து உழைக்கும். மறந்தால் சீக்கிரமே தேய்ந்துவிடும். இப்போதைய கார்களில் பெரும்பாலும் மூடிய வகைதான். குண்டைச் சுற்றி வழுவழுப்பான பிளாஸ்டிக் உறை; கிரீஸ் உள்ளேயே அடைக்கப்பட்டிருக்கும். பராமரிப்பு வேலை கிடையாது. ஆனால், இதன் ஆயுள் மேலேயுள்ள ரப்பர் கவரில்தான் இருக்கிறது. கவர் கிழிந்தால் சேறும் மணலும் புகுந்து, கிரீஸ் வெளியேறி, கிண்ணம் தேய ஆரம்பித்துவிடும்.

காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, மழைக்காலத்தில் பள்ளங்களில் தேங்கும் நீர், உப்புக் காற்று (கிணறுகளைக் கெடுத்த உப்பு வண்டியை மட்டும் விட்டுவைக்குமா?) எல்லாம் சேர்ந்த இந்த வட்டாரத்தில், உலோகமா பிளாஸ்டிக்கா என்பதைவிட ரப்பர் கவரே முக்கியம்.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் பார்க்க வேண்டியது. மாருதி 800, ஆல்டோ போன்றவற்றில் பக்கத்துக்கு ஒரு பால் ஜாயின்ட்தான். வண்டியின் எடையை ஷாக் அப்சார்பரோடு சேர்ந்த ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். மேலும் கீழும் இரண்டு ஆர்ம் உள்ள வண்டிகளில், ஸ்பிரிங் கீழ் ஆர்மில் இருந்தால், கீழ் ஜாயின்ட்தான் சுமையைத் தாங்கும். முதலில் தேய்வதும் அதுதான். முன்புறம் கட்டை அச்சு உள்ள சரக்கு வண்டிகளில் இந்த இடத்தில் கிங் பின் இருக்கும். அதற்கும் கிரீஸ் தவறக் கூடாது.

பள்ளத்தில் இறங்கும்போது ‘கடக்’ என்ற சத்தம், டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்வது, ஸ்டீயரிங் அலைவது ஆகியவை அறிகுறிகள். ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் பால் ஜாயின்டைச் சந்தேகிக்கலாம். ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உள்ள வண்டிக்கு ஜாக்கியை அந்த ஆர்முக்கு அடியில் வைத்தால்தான் ஆட்டம் தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

சில கார்களில் ஜாயின்ட் தனியாகக் கிடைக்காது. ஆர்மோடு சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்றும்போது பழைய நட்டையும் பின்னையும் மறுபடி போட விடாதீர்கள். வேலை முடிந்ததும் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.