ஒரே கண்மாயா, பல கண்மாயா? கடல் மீனிலும் அதே கேள்விதான்

கழுகுமலையில் கூடையில் வரும் சாளை எங்கு பிடித்தது என்று கேட்டால், 'தூத்துக்குடி மீன்' என்பதுதான் வழக்கமான பதில். ஆனால், அந்த மீன் எந்தக் கூட்டத்தில் பிறந்தது? மீன்வள விஞ்ஞானிகள் விடை தேடும் கேள்வி இது. அடுத்த ஆண்டும் கூடை நிறையுமா என்பது இதன் விடையைப் பொறுத்தது.

கரிசல்காட்டு விவசாயிக்கு இது எளிதில் புரியும். மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கீழ் கண்மாய்க்குத் தண்ணீர். தனிக் கண்மாய் என்றால் அதன் வரத்து மட்டும்தான். இரண்டில் எது என்று தெரியாமல் மடையைத் திறந்துவிட முடியாது. கடலிலும் ஒரே இன மீன் தனித்தனிக் கூட்டங்களாக இனம் பெருக்குவது உண்டு. இப்படிப்பட்ட ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரு 'மீன் இருப்பு' என்கிறார்கள்.

ஒன்றாக எண்ணியதன் விளைவு

வட கடலின் ஹெர்ரிங் மீன் ஒரே கூட்டமல்ல என்பதை, முள்ளெலும்புகளை எண்ணியும் உடலை அளந்தும் 1890-களிலேயே காட்டினார் ஜெர்மனியின் ஹைன்கே. ஆனாலும், மொத்தப் பிடிப்பை மட்டுமே பார்த்தால் ஒரு கூட்டம் அழிவதை மற்றொன்றின் மிகுதி மறைத்துவிடும். வட கடலின் தென்பகுதிக் கூட்டம் 1950-களிலேயே சரிந்தது. 1977-ல் வட கடல் ஹெர்ரிங் பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று.

நம் சாளையின் கதை

மத்தி என்றும் பேய்ச்சாளை என்றும் அழைக்கப்படும் எண்ணெய்ச் சாளை, முன்பு பெரும்பாலும் மேற்குக் கரை மீன். 1980-களுக்குப் பிறகுதான் தமிழகத்தின் கிழக்குக் கரையிலும் பெருமளவு கிடைத்தது. கேரளத்தில் 2012-ல் சுமார் 3.9 லட்சம் டன் பிடிபட்ட இந்த மீன், 2021-ல் சுமார் 3,300 டன்னாகச் சுருங்கியது. மீன்பிடி மட்டுமல்ல, கடலின் சூழல் மாற்றமும் இதற்குக் காரணம்.

மேற்கில் குறைந்தால் கிழக்கிலும் குறையுமா? இரண்டும் தொடர் கண்மாய் என்றால் குறையலாம். தனித்தனி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு வேண்டும்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கப்பட்டது. இப்போது கொச்சியில் இருக்கிறது. 2023-ல் இந்த மீனின் முழு மரபணுத் தொகுப்பையும் அது வெளியிட்டது. இந்தியக் கரைச் சாளையும் ஓமன் கரைச் சாளையும் மரபணு அளவில் வேறுபடுவதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

மரபணு மட்டும் போதாது

தலைமுறைக்கு ஒரு சில மீன்கள் கலந்தாலே இரு கூட்டங்களின் மரபணு ஒன்றுபோலத் தெரியும். ஆனால், அந்தச் சில மீன்களால் காலியான கடல் மீண்டும் நிரம்பாது. மறுகாலில் கசியும் நீர் பாசனத்துக்குப் போதாதல்லவா? அதனால்தான் உடல் அளவு, முட்டையிடும் இடமும் காலமும், மீனின் காதுக்கல்லில் பதிந்த வேதிப்பொருள்கள், ஒட்டுண்ணிகள் என்று பல சான்றுகளையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

குமரியில் ஒரு கோடு

தமிழகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. 2017-க்கு முன்பு இது 45 நாள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுக்கும் எல்லை கன்னியாகுமரி. அந்தக் கோடு நமக்குத்தான், மீனுக்குத் தெரியாது. எந்தக் கூட்டம் எங்கே, எப்போது முட்டையிடுகிறது என்று தெளிவானால்தான் தடைக்காலத்தையும் பிடிப்பின் அளவையும் அதற்கேற்ப அமைக்க முடியும்.

வாங்குபவருக்கும் இதில் பங்கு உண்டு. கேரளத்தில் 10 செ.மீ.க்குக் குறைவான சாளையைப் பிடிக்கக் கூடாது. நம் கூடையிலும் விரல் நீளக் குஞ்சு வந்தால் வேண்டாம் என்று சொல்லலாம். விதை நெல்லைக் குத்திச் சோறாக்குவதை எந்த விவசாயியும் விரும்புவதில்லை.