பீலியில் தண்ணீர் வர வேண்டுமானால்

கார்ட்டூன் என்றால் பிள்ளைகளுக்குத்தானே என்று நினைக்கிறோம். குடும்பமாக இருந்து பார்க்க வேண்டிய ஒன்று ‘மரங்களை நட்ட மனிதன்’. பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ஜியோனோ 1953இல் எழுதிய கதையை, கனடாவில் ஃப்ரெடெரிக் பாக் 1987இல் அரைமணிநேரப் படமாக வரைந்தார். 1988இல் அதற்கு ஒஸ்கார் விருது கிடைத்தது.

பிரான்ஸ் நாட்டு மலையொன்றில் ஊற்றுகள் வற்றி, சனங்கள் போய்விட்டார்கள். மனைவியையும் ஒரே மகனையும் இழந்த ஆட்டிடையர் ஒருவர் இரவில் நல்ல ஓக் விதைகளாக 100 பொறுக்கி வைப்பார். பகலில் இரும்புக் கம்பியால் குழி போட்டு ஊன்றுவார். மூன்று வருசத்தில் ஊன்றியது 100,000, முளைத்தது 20,000. அதிலும் பாதி போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்தவில்லை. ஆடுகள் கன்றுகளைக் கடிக்குமென்று, அவற்றைக் குறைத்துத் தேனீ வளர்த்தார். காடு வளர்ந்தது, ஓடையில் தண்ணீர் வந்தது, சனமும் திரும்பியது.

கதை கற்பனைதான். காரணம் பொய்யல்ல. மரத்தடி மண் மழைநீரை உறிஞ்சி மெதுவாக விடும். வெறும் சரிவில் தண்ணீர் மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடும்.

நம்ம லயத்துப் பீலிக்கும் இதே கணக்குத்தான். ஊற்றுக்கு மேலே மரம் போனால், வெயில் காலத்தில் குடத்தோடு காத்து நிற்பது நம்ம பெண்களும் பிள்ளைகளும்தான்.

“விறகுக்கு எங்கே போவது?” என்று கேட்பீர்கள். நியாயம்தான். கவ்வாத்து மிலாரையும் காய்ந்த கிளையையும் எடுப்போம். ஊற்றுக்கு மேலே பச்சை மரத்தில் கைவைக்க வேண்டாம். தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு, மழை தொடங்கும்போது வீட்டுக்கொரு கன்று நடுவோம். பாதி பட்டுப்போகலாம். மிச்சப் பாதி போதும்.