விரல்ரேகைக்கு முன்பே வரவேண்டிய விவாதம்

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்து நியாயவிலைக் கடையில், மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலைக் கருவி ஏற்காதபோது முதியவர் ஒருவர் வரிசையில் மீண்டும் நிற்கிறார். அவரைப் பொறுத்தவரை அந்தரங்க உரிமை என்பது ஏட்டுச் சொல் அல்ல. அரிசியோடு பிணைந்த கேள்வி.

பிரிட்டனில் 2006இல் அடையாள அட்டைச் சட்டம் இயற்றப்பட்டது. குடிமக்களின் விவரங்களை அரசு ஒரே பதிவேட்டில் திரட்டலாமா என்ற விவாதம் தேர்தல் களம்வரை சென்றது. 2010இல் புதிய அரசு அச்சட்டத்தை ரத்து செய்தது, பதிவேடும் பின்னர் அழிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் இந்தியாவில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. அதற்கான சட்டமோ 2016இல்தான் வந்தது.

விவாதம் நீதிமன்றத்தையும் எட்ட வேண்டியதாயிற்று. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி 2012இல் தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாக அறிவித்தது. 2018 தீர்ப்பு, அரசின் மானியங்களுக்கு ஆதாரை அனுமதித்தது; வங்கிக் கணக்குக்கும் செல்பேசி எண்ணுக்கும் அதைக் கட்டாயமாக்குவதை நிராகரித்தது.

உரிமை தீர்ப்பில் மட்டும் வாழ்வதில்லை. எந்த விவரம் எதற்காகப் பெறப்படுகிறது, கருவி பிழைத்தால் மாற்றுவழி என்ன என்பவை கிராம சபையில் கேட்கப்பட வேண்டும். கேள்வி எழாத இடத்தில் ஒப்புதல் என்பது வெறும் கைநாட்டுதான்.