மஞ்சள் கனெக்டரைத் தொடுவதற்கு முன்

ஏர்பேக் கன்ட்ரோல் மாட்யூலை மாற்ற வண்டி வந்தால், இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் சும்மா இருப்பேன். கார் எலக்ட்ரீஷியனுக்கு இங்கே பொறுமைதான் முதல் வேலை. விபத்தில் பேட்டரி இணைப்பு அறுந்தாலும் பை விரிய வேண்டுமே. அதற்காக மாட்யூலுக்குள் ஒரு கெபாசிட்டர் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். அது வடிவதற்குச் சில கார்களுக்கு 3 நிமிடம், சிலவற்றுக்கு 10. அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே கணக்கு. அவசரப்படுத்தும் வண்டிக்காரரை டீ குடித்துவிட்டு வரச் சொல்வேன்.

பெரும்பாலான கார்களில் மாட்யூல் நடுக் கன்சோலுக்குக் கீழே, தரைத் தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். மேலே ஓர் அம்புக்குறி. அது சொல்லும் திசையில்தான் பெட்டி உட்கார வேண்டும். மாறினால் சென்சார் மோதலைத் தப்பாகப் புரிந்துகொள்ளும். மேனுவல் சொன்ன அளவுக்கு போல்ட்டை முறுக்காமல் பேட்டரியை இணைக்கக் கூடாது. பெட்டி ஆடினால் அதையே மோதலாக எடுத்துக்கொள்ளலாம். ஏர்பேக் வயரிங்கின் மஞ்சள் கனெக்டரில் மல்டிமீட்டர் வைப்பதும் ஆபத்து. மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே பையை வெடிக்கவைக்கலாம்.

விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து கழற்றிய மாட்யூல் மலிவாகக் கிடைக்கும். நான் மாட்ட மாட்டேன். பழைய மோதலின் பதிவு அதில் தங்கியிருக்கும். பார்ட் நம்பர் பொருந்தும் புதியதை வாங்கி, ஸ்கேனரில் கோடிங் செய்வதே முறை.

முடிந்ததும், ஸ்டியரிங்குக்கு நேரே உட்காராமல் இக்னிஷனைப் போடுவேன். ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். பழைய கார் வாங்குகிறவர்களும் இதைப் பாருங்கள்: விளக்கு எரியவே இல்லையென்றால், பழுதை மறைக்க யாரோ அதைத் துண்டித்திருக்கலாம்.