உங்கள் ஊர் நூலகத்தை மூடப் போகிறார்களா? நீங்களும் பேசலாம்

லண்டனிலோ லெஸ்டரிலோ இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகப் படாது. ஆனால் முதியோர் இல்ல வேலைக்கும் கடை வேலைக்கும் என்று இங்கிலாந்தின் சின்னச் சின்ன ஊர்களில் குடியிருக்கும் எங்கட ஆட்களும் இருக்கிறார்கள். பின்னேரத்துக்குப் பிறகு பஸ் இல்லை. வீட்டு இண்டர்நெட் இழுத்து இழுத்து வேலை செய்யும். இப்படியான ஊரில் நூலகத்தை மூடினால் புத்தகம் மட்டும் போவதில்லை.

ஏனென்று பாருங்கள். யுனிவேர்சல் கிரெடிட் விண்ணப்பம் பெரும்பாலும் இண்டர்நெட்டில்தான். கையில் வைத்திருந்த பிஆர்பி அட்டைகளின் காலம் 2024 டிசம்பர் 31உடன் முடிந்து, இப்போது எல்லாம் ஈ-விசா. வேலை தருபவருக்கும் வீட்டுக்காரருக்கும் உங்கள் உரிமையைக் காட்ட ஒரு ‘ஷெயார் கோட்’ எடுக்க வேண்டும், அது 90 நாளுக்குத்தான் செல்லும். இண்டர்நெட் இல்லாதவர் தன் விசாவையே காட்ட முடியாத நிலை.

ஊரில் எங்கட வாசிகசாலையைச் சனசமூக நிலையப் பெடியள் நடத்தினார்கள். காசு இருந்தால் பேப்பர் வரும், இல்லாவிட்டால் வராது. இங்கே அப்படி அல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1964ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, ‘முழுமையானதும் திறமையானதுமான’ நூலக சேவையைத் தருவது உள்ளூராட்சியின் கடமை. அந்த இடத்தில் வசிப்பவர், வேலை செய்பவர், முழுநேரம் படிப்பவர் எல்லோருக்கும் இது பொருந்தும். என்ன விசா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. அங்கத்தவராகச் சேர விலாசத்துக்கு ஆதாரம் கேட்டு, உங்களிடம் ஒன்றும் இல்லையென்றால், திரும்பி வந்துவிடாதீர்கள். வேறு என்ன கடிதம் கொண்டு வரலாம் என்று கேளுங்கள்.

புத்தகம் இரவல் எடுக்கக் காசு இல்லை. கொம்பியூட்டர் வேறு கதை. 2002ஆம் ஆண்டளவில் லொத்தர் நிதியில் நாடு முழுக்க நூலகங்களுக்கு இண்டர்நெட் கொடுத்தார்கள். ஆனால் 1964 சட்டத்தில் கொம்பியூட்டர் என்ற சொல்லே கிடையாது. அதனால் சில இடங்களில் இலவசம், சில இடங்களில் நேரக் கட்டுப்பாடு. பிரிண்ட் எடுக்கக் காசு கேட்பார்கள். பொதுக் கொம்பியூட்டரில் விசாக் கணக்கைத் திறந்தால் எழும்பும் முன் ‘சைன் அவுட்’ செய்யுங்கள், பாஸ்வேர்டைச் சேமிக்க விடாதீர்கள். நூலக ஊழியர் உங்களுக்குத் திரையைக் காட்டித் தருவார். ஆனால் குடிவரவு ஆலோசனை சொல்ல அவருக்கு அனுமதி இல்லை, அதற்கு எங்களிடம் வாருங்கள்.

சரி, கவுன்சில் மூடப் போகிறது என்றால்? முதலில் மக்கள் கருத்துக் கேட்பார்கள். பதில் எழுத பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை. கிராமப் புறங்களில் நூலகம் பெரும்பாலும் கவுண்டி கவுன்சிலின் பொறுப்பு, ஊர் பரிஷ் கவுன்சிலுக்கு மட்டும் எழுதி என்ன பயன்? ‘நூலகம் நல்லது’ என்று எழுதுவதும் போதாது. கிழமையில் எத்தனை தரம் போகிறீர்கள், எதற்காக, அடுத்த நூலகம் எத்தனை மைல், எந்த பஸ், என்ன காசு, அம்மாவால் நடக்க முடியுமா என்று விபரமாக எழுதுங்கள். ஆங்கிலம் கஷ்டமென்றால் தமிழில் பதில் தரலாமா, மொழிபெயர்ப்பாளர் கிடைக்குமா என்று கேளுங்கள்.

இந்த விபரங்கள் ஏன் முக்கியம்? 2011 நவம்பரில் குளொஸ்டர்ஷயர், சோமர்செற் கவுன்சில்களின் நூலக வெட்டுக்களை உயர் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. சமத்துவக் கடமையை, அதாவது முதியோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோர் எப்படிப் பாதிக்கப்படுவார்கள் என்பதை, அவர்கள் ஒழுங்காக ஆராயவில்லை என்பதே காரணம். அந்தக் கடமையில் இனமும் அடங்கும். அதற்காக எல்லா நூலகமும் தப்பியது என்று நினைக்க வேண்டாம். குளொஸ்டர்ஷயரில் சில பின்னர் ஊர்த் தொண்டர்களின் கைக்குப் போயின. ஆனாலும் கவுன்சில்கள் திரும்பவும் யோசிக்க வேண்டி வந்தது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இலங்கை, இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் பொதுநலவாய நாட்டவர். இங்கே இருக்க விசா அனுமதி இருந்து வயதும் வந்திருந்தால் வாக்காளராகப் பதியலாம். (அகதிக் கோரிக்கை முடிவாகாமல் அனுமதியின்றி இருப்பவர்கள் பதிய முடியாது.) வாக்குள்ளவரின் கடிதத்தைக் கவுன்சிலர் ஒருதரம் கூடவே வாசிப்பார்!

‘இப்பதான் எல்லார் வீட்டிலும் இண்டர்நெட் இருக்கே’ என்று கவுன்சில்காரர் சொல்வார்கள். இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். 2020 மார்ச்சில் தொடங்கிய திட்டப்படி, உங்கள் வீட்டுக்கு 10 மெகாபிட் வேகம்கூடக் கிடைக்காவிட்டால் பிரிட்டிஷ் ரெலிகொமிடம் (ஹல் பகுதியில் கேகொமிடம்) இணைப்புக் கேட்கலாம். வேலைச் செலவு 3,400 பவுண் வரை உங்கள் தலையில் விழாது, அதற்கு மேல் போனால் மிச்சத்தைக் கேட்பார்கள். வீட்டுக்குள் 4ஜி நன்றாக எடுபட்டால் ‘உனக்கு ஏற்கெனவே இருக்கு’ என்று மறுக்கவும் கூடும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டி வரலாம். யுனிவேர்சல் கிரெடிட் எடுப்பவர்கள் ‘சோசல் ராரிஃப்’ என்ற மலிவுக் கட்டணம் உண்டா என்று கம்பனியிடம் கேளுங்கள். கேட்காமல் தானாகக் கிடைக்காது.

வேகம் அளந்த திகதி, நேரம், எண் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து, நூலகக் கடிதத்துடன் ஒரு பிரதி சேருங்கள். கருத்துக் கேட்கும் கடைசித் திகதி நூலக வாசலில் ஒட்டியிருக்கும். எழுத உதவி வேண்டுமென்றால் அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பாவது எங்களிடம் வாருங்கள்.